வலி மாத்திரைப் போதையிலிருந்து மீள: முதல் நாள் முதல் குடும்பம் மறுபடி ஒட்டும் வரை, எதை எந்த வரிசையில் செய்வது

நான் லோடு வண்டி ஓட்டுபவன். முதுகு வலிக்கு எழுதிக்கொடுத்த டிரமடால் மாத்திரையில் ஆரம்பித்து, அப்புறம் டேபென்டடாலுக்குப் போய், நான்கு வருடம் அதிலேயே கிடந்தேன். அதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் பதினைந்து, இருபது குடும்பங்களோடு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே விஷயத்தில்தான் தடுமாறுகிறார்கள். செய்ய வேண்டியதெல்லாம் செய்கிறார்கள், ஆனால் வரிசை மாறிப்போகிறது. கோயிலில் சத்தியம் வாங்குவது முதலில் நடக்கிறது, மருந்து கடைசியில் வருகிறது. பெண் பார்ப்பது முதலில், கடன் கணக்குப் பார்ப்பது கடைசியில்.

இதை வீட்டாருக்காகத்தான் எழுதுகிறேன். இப்படிப்பட்ட பக்கத்தைத் தேடிப் படிப்பது பெரும்பாலும் மனைவி, அம்மா, அக்கா. மாத்திரை எடுப்பவரே படித்தாலும் எல்லாம் பொருந்தும். மருந்தின் அளவு எதையும் எழுதவில்லை. அது ஆளைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது.

1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

முதலில் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எடுத்தது எப்போது, கூடவே வேறென்ன எடுக்கிறார். காலி அட்டை கிடைத்தால் தூக்கிப் போடாமல் எடுத்துவையுங்கள். "ஏதோ வலி மாத்திரை" என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது, அட்டையைக் காட்டினால் எல்லாம் தெரிந்துவிடும்.

எந்த மாத்திரை என்பது ஏன் முக்கியம்? டிரமடால் அதிகமானால் வலிப்பு வரும். டிரமடாலோடு பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை ஒன்று பரவலாக விற்கிறது. அதில் ஒன்றுக்கு 325 மில்லிகிராம் பாராசிட்டமால். ஒரு நாளைக்குப் பதினைந்து போட்டால் 4,875 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பே 4,000 தான். அப்படி எடுத்தவருக்கு ஈரலைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியிருந்தால் வேறு சோதனைகளும் சேரும்.

"வேறென்ன" என்ற கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தூக்க மாத்திரையும் சாராயமும் கூட இருந்தால் கணக்கே மாறிவிடும். ஓபியாய்டு (டிரமடால், டேபென்டடால் மாதிரியான அபின் வகை வலி மருந்து) மட்டும் என்றால், விடும்போது உடம்பு படாதபாடு படும், ஆனால் வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றாமல் பார்த்துக்கொண்டால் பொதுவாக உயிருக்கு ஆபத்து வராது. தினமும் குடிப்பவரோ தூக்க மாத்திரை போடுபவரோ அதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். மருத்துவரிடம் இதை மறைக்கவே கூடாது.

தாளோடு ஆதார், பழைய மருத்துவச் சீட்டுகள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். வேலையில் பத்து நாள் லீவு சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒரே ஒருவர் பொறுப்பாளர் என்று முடிவு செய்யுங்கள். மருத்துவரிடம் பேசுவதும் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொடுப்பதும் அவர் மட்டும்தான். மாமா ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் என்று நான்கு பேர் பொறுப்பு எடுத்தால், நான்கு பேரிடமும் நான்கு கதை சொல்ல எங்களுக்குத் தெரியும்.

போனில் நான்கு எண்களைப் பதிந்துகொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் 108, தமிழக அரசின் மருத்துவ உதவி 104, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமனஸ் 14416.

2. எங்கே போவது, எங்கே போகக் கூடாது

முதல் இடம், பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. போதை சிகிச்சைக்கென்றே 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் சென்னையில்தான். கர்நாடக எல்லைப் பக்கம் இருப்பவர்கள் பெங்களூரு நிம்ஹான்ஸுக்குப் போகலாம், அங்கே போதை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு. அரசு மருத்துவமனையில் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். "மாத்திரைப் பழக்கம், மனநலப் பிரிவு" என்று நேராகச் சொன்னால் போதும். வயிற்றுவலி என்று சொல்லி வரிசை மாறி நின்றால் ஒரு நாள் வீண்.

மனநலப் பிரிவு என்றதும் வீட்டில் ஒரு தயக்கம் வரும். "அவனுக்கு என்ன பைத்தியமா?" என்று என் அம்மாவே கேட்டார்கள். போதைச் சிகிச்சைக்குப் பயிற்சி பெற்ற மருத்துவர் உட்காரும் அறை அது, அவ்வளவுதான்.

இனி மறுவாழ்வு மையங்கள். நல்லவை இருக்கின்றன. ஆனால் என்னை முதலில் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் மூன்று மாதத்தில் ஒரு மருத்துவரைக்கூட நான் பார்க்கவில்லை. அடித்தார்கள். ராத்திரியில் காலில் சங்கிலி போட்டார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால் பக்கத்தில் ஆள் நின்றுகொண்டு "நல்லா இருக்கேன்னு சொல்லு" என்பார். 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. போதையால் வரும் மனநலப் பிரச்சினைகளும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். எங்கள் வீட்டில் அது அப்போது யாருக்கும் தெரியாது.

சேர்க்கும் முன் இதையெல்லாம் கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, சான்றிதழைப் பார்க்கலாமா? மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருவார்? வித்ட்ராயலுக்கு, அதாவது மாத்திரையை நிறுத்தும்போது உடம்பு படும் பாட்டுக்கு, மருந்து தருவீர்களா? நாங்கள் வந்து தனியாகப் பார்த்துப் பேசலாமா? போன பிறகு தொடர் சிகிச்சை உண்டா? ஒரு கேள்விக்கு மழுப்பினாலும் வெளியே வந்துவிடுங்கள். "ராத்திரியில் வந்து வண்டியில் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்" என்று தாங்களாகவே சொல்லும் இடத்துக்கு ஒரு கேள்விகூட வேண்டாம்.

போலீஸ் பயத்தில் சிகிச்சைக்கே வராதவர்கள் உண்டு. மருத்துவரிடம் போவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் மீது பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்திருந்தால், அவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுக்கும்போது வழக்கிலிருந்து விலக்கு பெற இடமுண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். வழக்கு இருந்தால் வக்கீலிடம் இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

3. வீட்டில் பூட்டி வைத்து விட வைக்காதீர்கள்

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் முதல் முயற்சி இதுதான். அறையில் பூட்டி, போனைப் பிடுங்கி, மூன்று நாள் காவல். என்ன நடக்கும் என்று தெரிந்தால் ஏன் வேண்டாம் என்பதும் புரியும்.

கடைசி மாத்திரையிலிருந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கு ஒழுகுதல், கண்ணீர், புல்லரிப்பு தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். வயிற்றுப்போக்கு, வாந்தி, எலும்புக்குள் குடைச்சல், கால் ஒரு இடத்தில் நிற்காது, கண் மூட முடியாது. ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு அடங்கும். அதன் பிறகும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

அந்த உச்சத்தில் ஒரே ஒரு மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றுவிடும் என்று உடம்புக்குத் தெரியும். மன உறுதியை வைத்து அதோடு சண்டை போடச் சொல்வது வீண் வதை. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பல்லைக் கடித்துப் பத்து நாள் தாண்டியவருக்கு உடம்பின் தாங்கும் சக்தி விழுந்துவிடும். பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுபோகும். நான் அந்த மையத்திலிருந்து வெளியே வந்த மறுநாள் பழைய கணக்கிலேயே போட்டேன். குளியலறைக் கதவை உடைத்துத்தான் என்னைத் தூக்கினார்கள். சிகிச்சை முடிந்து வெளியே வந்த முதல் சில வாரங்களும், ஜெயிலிலிருந்து வந்த முதல் சில வாரங்களும்தான் அதிகம் பேர் சாகும் நேரம்.

கர்ப்பமாக இருக்கும் பெண் என்றால் திடீரென்று நிறுத்தவே கூடாது. அது குழந்தைக்கு ஆபத்து. மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பெண்களுக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. ஊர் பேசுமே என்ற பயத்தில் அவர்கள் ஆண்களைவிடத் தாமதமாக வருகிறார்கள்.

4. முதல் மாத்திரை: புப்ரினார்பின்

பெரும்பாலும் மருத்துவர் தரும் மருந்து இதுதான். நாக்குக்கு அடியில் வைக்கும் சின்ன மாத்திரை. நாலாக்சோன் (ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து) சேர்ந்தும் வரும். சாதாரண மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அலையாதீர்கள், சிகிச்சை தரும் இடத்திலேயே கிடைக்கும்.

இதில் ஒரு விதியை மீறினால் மருந்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். வித்ட்ராயல் நன்றாகத் தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை. மூளையில் ஓபியாய்டு போய் உட்காரும் இடங்களை இந்த மருந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பழைய மாத்திரை இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கும்போது இதைக் கொடுத்தால், பழையதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துவிடும். ஆனால் பழையது தந்த அளவு இது தராது. ஒரே தள்ளில் முழு வித்ட்ராயலும் வந்து இறங்கும். "அந்த மருந்து எனக்கு ஒத்துக்கலை" என்று சொல்பவர்களில் பாதிப் பேர், வரும் வழியில் ரகசியமாக ஒன்று போட்டுக்கொண்டு வந்தவர்கள். கடைசியாக எடுத்த நேரத்தைப் பொய் சொல்லாமல் சொல்ல வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து, முழுசாகக் கரையும் வரை பேசாமல், விழுங்காமல் இருக்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். விழுங்கினால் வேலை செய்யாது. கரைந்ததும் வாயில் தண்ணீர் விட்டுக் கொப்பளித்து விழுங்கலாம். பல் தேய்க்க ஒரு மணி நேரம் பொறுங்கள். இந்த மருந்து பல்லைக் கெடுக்கக்கூடும், அதனால்தான்.

முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், வண்டி ஓட்ட வேண்டாம். மலச்சிக்கலும் வியர்வையும் வரும். கீரையும் தண்ணீரும் சேர்த்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதோடு தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் மூச்சு அடங்கும். மாத்திரைகளைப் பூட்டிய டப்பாவில், குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரே ஒரு மாத்திரை ஒரு குழந்தையின் உயிரை எடுக்கப் போதும்.

5. "நல்லாத்தான் ஆயிட்டானே, இன்னும் மாத்திரை எதுக்கு?"

நான் பார்த்தவரை, இந்தக் கேள்வி கெடுத்த குடும்பங்கள்தான் அதிகம். மூன்றாம் மாதம் ஆள் தெளிவாக இருப்பார். சாப்பிடுவார், வேலைக்குப் போவார். உறவுக்காரர் ஒருவர் வந்து "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடிச்சிருக்கான்" என்பார். அடுத்த வாரமே மருந்து நிற்கும், அடுத்த மாதம் பழைய இடத்துக்கே போவார்.

போதைக்கும் மருந்துக்கும் வித்தியாசம் என்ன? போதை மாத்திரை ஏறும், இறங்கும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்கும். நாள் முழுக்க அடுத்ததுக்கு எங்கே போவது என்ற ஒரே யோசனை. புப்ரினார்பின் ஒரு நாள் முழுக்கச் சீராக நிற்கும். ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் அதன் வேகம் கூடாது. மேலே வேறு மாத்திரை போட்டாலும் பெரிதாக ஏறாது. எனக்கு இந்த மருந்து தந்தது ஒன்றுதான்: காலையில் எழுந்ததும் மாத்திரையைப் பற்றி யோசிக்காத ஒரு தலை. அந்தத் தலை இருந்தால்தான் கீழே சொல்லப்போகும் எதையும் செய்ய முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எவ்வளவு நாள் எடுப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறைந்தது ஒரு வருடம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நான் மூன்று வருடம் எடுத்தேன். அப்புறம் மருத்துவர் எட்டு மாதத்தில் படிப்படியாகக் குறைத்தார். அதுவும் வேலை, கடன், வீடு மூன்றும் நிலைக்கு வந்த பிறகு. இரண்டு தீபாவளி தாண்டட்டும் என்று அவர் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. பண்டிகைக்குப் போனஸ் பணமும் பழைய கூட்டாளிகளும் சேர்ந்து வருகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நால்ட்ரெக்சோன் என்று இன்னொரு மருந்து உண்டு. அது போதையே ஏறாமல் தடுக்கும். ஆனால் ஏழு முதல் பத்து நாள் வரை உடம்பில் எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருந்த பிறகுதான் அதைத் தொடங்க முடியும். சாப்பாட்டில் ரகசியமாகக் கலந்து கொடுக்கலாமா என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. உள்ளே மாத்திரை இருந்தால் ஆளையே புரட்டிப் போட்டுவிடும். எந்த மருந்தில் இருந்தாலும், பல் பிடுங்கும்போதும் ஆபரேஷனுக்குப் போகும்போதும் அந்த மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலி மருந்தை அதற்கேற்ற மாதிரிதான் அவர் திட்டமிட வேண்டும்.

6. மூச்சு அடங்கினால்

இதை வீட்டில் எல்லோரும் முதல் வாரத்திலேயே படித்துவிட வேண்டும். தட்டினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக வருகிறது, குறட்டை போல ஒரு சத்தம், உதடும் நகமும் நீலம், கண்மணி ஊசிமுனை அளவு. இவை இருந்தால் ஓவர்டோஸ்.

108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்து எழுப்பிப் பாருங்கள். மூச்சு இல்லை என்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து ஆறு விநாடிக்கு ஒருமுறை வாயில் ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டையில் அடைக்காமல் இருக்கும். உப்புத் தண்ணீர், மோர், எலுமிச்சை எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். ஆம்புலன்ஸ்காரரிடம் என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாலாக்சோன் கொடுத்தால் சில நிமிடத்திலேயே கண் திறக்கும். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று வீட்டுக்குக் கூட்டி வந்தால் மறுபடி மூச்சு அடங்கலாம்.

7. ஊசி போட்டிருந்தால் மூன்று சோதனைகள்

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. முதல் சோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், அரசுத் திட்டத்தில் அதற்கும் காசில்லை. மனைவிக்கும் சோதனை செய்யுங்கள். இதைத் தள்ளிப் போட்டு இரண்டு வருடம் கழித்துக் கண்டுபிடித்தபோது, ஒரு வீட்டில் அப்போதுதான் ஒட்டிய உறவு மறுபடி உடைந்தது. அதனால்தான் முதல் மாதத்திலேயே முடியுங்கள் என்கிறேன்.

8. பணம்: பாசத்துக்கு முன் கணக்கு

உடம்பு அடங்கிய பிறகு முதலில் தொட வேண்டியது பணம். மன்னிப்புக் கேட்பது அதற்குப் பிறகு. மறைந்திருக்கும் கடன் ஒவ்வொன்றாக வெளிவரும் வீட்டில், கேட்ட மன்னிப்பு ஒவ்வொரு தடவையும் பொய்யாகிப்போகும்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். அடகு வைத்த நகை, சீட்டு, கந்து வட்டி, போனில் வாங்கிய ஆப் லோன், கூட்டாளியிடம் வாங்கியது. என் மனைவியின் செயின் அடகில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மகளின் கொலுசும் அங்கேதான் இருந்தது என்று அன்றுதான் சொன்னேன். மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்து, "இதுக்கு மேல எதுவும் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மையாக இருந்ததால்தான் அடுத்த மாதம் அவளால் என்னை நம்ப முடிந்தது. அன்று சொல்ல மனம் வராமல் ஒன்றை மறைப்பவர்கள் நிறைய. அதை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். எழுதும் அன்று திட்ட வேண்டாம். திட்டினால் தாள் பாதியில் நின்றுவிடும்.

ஏ.டி.எம். கார்டும் யு.பி.ஐ.யும் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். சம்பளம் நேராக வீட்டுக் கணக்குக்கு வரட்டும். கையில் அன்றைய டீக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் காசு. ரொக்கம் கையில் இருப்பதே எங்களுக்கு ஒரு ஏக்கத்தைத் தூண்டும். மாத்திரை விற்றவனுக்குப் பாக்கி இருந்தால் அதை அவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள், வேறு ஒருவர் போய்க் கொடுக்கட்டும்.

ஆனால் இதற்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். மூன்றாம் மாதம் வாரச் செலவு அவர் கையில், ஆறாம் மாதம் கார்டு அவர் கையில் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். முடிவே இல்லாத காவலில் எந்த ஆம்பளையும் பொம்பளையும் நிமிர்ந்து நிற்க மாட்டார்கள். எழுதிய தேதி வந்ததும், பயமாக இருந்தாலும் கொடுத்துவிடுங்கள்.

9. நம்பிக்கை: சத்தியம் வேண்டாம், சின்னச் சின்ன வேலை போதும்

குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். ஒரு நாள் சறுக்கினால், குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற பயத்திலேயே மேலும் போடுவோம், மறைப்போம். அதற்குப் பதிலாகத் தினமும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். எனக்குக் கிடைத்தது காலையில் தண்ணீர் பிடிப்பதும் மகளைப் பள்ளியில் விடுவதும். 7.40-க்குக் கிளம்ப வேண்டும். ஒரு வருடம் அந்த 7.40 தவறவில்லை. என் மனைவி என்னை நம்பத் தொடங்கியது அதைப் பார்த்துத்தான் என்று பிறகு சொன்னாள்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் பேசுங்கள். எங்களுக்கு ஞாயிறு சாயங்காலம், அரை மணி நேரம். இந்த வாரம் ஏக்கம் வந்ததா, எப்போது, என்ன செய்தாய் என்று அவள் கேட்பாள். அவளுக்கு எதில் கோபம் என்று நான் கேட்பேன். மற்ற நாட்களில் கண்ணைப் பார்ப்பது, சட்டைப் பையைத் தடவுவது, பாத்ரூம் வாசலில் நிற்பது எல்லாம் வேண்டாம். சந்தேகத்தை விட முடியவில்லை என்றால் சிறுநீர்ச் சோதனையை மருத்துவரிடம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு. கடையில் விற்கும் சாதாரண ஓபியேட் சிறுநீர்ச் சோதனைப் பட்டை மார்பின், ஹெராயின், கோடீன் போன்றவற்றைத்தான் காட்டும். டிரமடாலையும் டேபென்டடாலையும் அது காட்டாது. அந்தப் பட்டையை நம்பி ஒரு அப்பா எட்டு மாதம் ஏமாந்தார்.

கல்யாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான் என்ற பேச்சு எழும்போது உறுதியாக மறுத்துவிடுங்கள். ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையை மருந்தாக ஆக்க யாருக்கும் உரிமை இல்லை. ஏற்கெனவே மணமானவர் என்றால், மனைவி பிரிந்து இருக்க விரும்பினால் அதையும் மதியுங்கள். அடி வாங்கிய வீட்டுக்கு உடனே திரும்பி வா என்று பெரியவர்கள் அழுத்தக் கூடாது. சில வீடுகளில் ஆறு மாதம் தனித்தனியே இருந்த பிறகுதான் பேச்சே வருகிறது.

10. குழந்தைகளிடம்

குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரியும். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அப்பா தன்னால்தான் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். சின்னக் குழந்தைக்கு இவ்வளவு போதும்: "அப்பாவுக்கு ஒரு மாத்திரையால உடம்பு சரியில்லாம போச்சு, டாக்டர் பாக்குறார், உன்னால வந்தது இல்லை." பத்து வயதுக்கு மேல் என்றால் போதை என்ற வார்த்தையையே சொல்லலாம். அவர் எடுக்கும் மருந்தையும் மறைக்க வேண்டாம்.

பொம்மை, பிரியாணி என்று வாங்கிக்கொடுத்து ஈடு கட்டாதீர்கள். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நில்லுங்கள். பிள்ளையை உளவாளியாக ஆக்காதீர்கள். "அப்பா எங்க போனார், யார்கூடப் பேசினார்" என்று கேட்கப்படும் குழந்தை இரண்டு பக்கமும் பயந்தே வளரும்.

11. பார்த்துக்கொள்பவர்

பொறுப்பாளருக்கும் வாரத்தில் அரை நாள் விடுப்பு வேண்டும். அன்று டப்பா சாவி வேறொருவரிடம். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் நாட்கள் போனால் நீங்களும் மருத்துவரைப் பாருங்கள். போதையில் இருப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று தனிக் கூட்டங்கள் இருக்கின்றன, சிகிச்சை எடுக்கும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள். என் மனைவி முதல் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் அழுதுவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அவளே கிளம்பினாள்.

12. சறுக்கினால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதுங்கள்

நன்றாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து எழுத வேண்டிய தாள் இது. சறுக்கிய ராத்திரியில் யாருக்கும் நிதானம் இருக்காது.

எங்கள் தாளில் இருந்தது இவ்வளவுதான். போட்டுவிட்டால் 24 மணி நேரத்துக்குள் நானே சொல்ல வேண்டும். சொன்னால் அன்று ராத்திரி கத்தல் கிடையாது. தனியாகப் படுக்கக் கூடாது, கதவைப் பூட்டக் கூடாது. மறுநாள் காலை ஓ.பி. மருந்தை நானாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. பணக் காவல் ஒரு மாதம் திரும்ப வரும், ஆனால் முதல் நாளிலிருந்து அல்ல. அடித்தாலோ குழந்தையோடு வண்டி ஓட்டினாலோ என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள், நான் தடுக்க மாட்டேன். கீழே இரண்டு பேர் கையெழுத்து.

பதினான்காவது மாதம், என் அப்பாவின் காரியம் முடிந்த மூன்றாம் நாள், நான் ஒன்று போட்டேன். காலை ஐந்து மணிக்கு அவளை எழுப்பிச் சொன்னேன். அவள் தாளை எடுத்துப் படித்தாள். அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டாள். எட்டு மணிக்கு நாங்கள் ஓ.பி. வரிசையில் நின்றோம். மருத்துவர் மருந்தின் அளவைச் சரிபார்த்து, அடுத்த வாரத்துக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.